பட்டால் மட்டும் புத்தி வந்துவிடாது

திருப்பூரிலிருந்து 38 வயது வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் இது. நீளமானது என்பதால் சுருக்கித் தருகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

“மேடம், 17 வயதில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, பனியன் கம்பெனிக்குள் போனேன். ஓவர்லாக், பேட்லாக் என்ற இரண்டு வகைத் தையல் மிஷினும் கற்றுக்கொண்டு டெய்லரானேன். 2019-இல் வாடகைக் கட்டடத்தில் 14 மிஷின் போட்டுச் சொந்தமாக பவர் டேபிள், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட், ஆரம்பித்தேன். கொரோனா ஊரடங்கைக்கூடத் தாண்டிவிட்டோம். 2022-இல் நூல் விலை ஏறி ஆர்டர் குறைந்தது. எனக்கு வேலை கொடுத்துவந்த பெரிய கம்பெனி, தைத்துக் கொடுத்த கூலியை மாதக்கணக்கில் இழுத்தது. சனிக்கிழமை சம்பளம் கொடுக்க வார வட்டிக்கு வாங்கினேன். மனைவியின் 11 பவுன் அடகுக்குப் போய்த் திரும்பவில்லை. மச்சானிடம் வாங்கிய 2 லட்சம் இன்னும் பாக்கி. அந்த வருடத் தீபாவளிக்கு போனஸ் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் மிஷின்களை விற்று மூடினேன். இப்போது வேறொருவர் யூனிட்டில் சூப்பர்வைசர். வட்டிக்காரர் கடனை மட்டும் அடைத்துவிட்டேன். அந்த யூனிட்டிலும் சில வாரம் சம்பளம் தள்ளிப்போகும். அப்போதெல்லாம், முதலில் கைமடிப் பெண்களுக்குக் கொடுங்கள் என்று முதலாளியிடம் சண்டை போட்டுக் கெட்ட பெயர் வாங்குகிறேன்.

பட்டால்தான் புத்தி வரும், இதுவும் நல்லதுக்குத்தான், இனிமேல் நீ பெரிய ஆளாக வருவாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மூன்று வருடம் ஆகிவிட்டது. எனக்குள் எதுவும் வளர்ந்த மாதிரி தெரியவில்லை. யாரையும் நம்பக் கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் நான் கற்றுக்கொள்ளவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. யூனிட்டின் கணக்கு நோட்டுகளும் டெலிவரி சலான்களும் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் கிடக்கின்றன. இறக்கிப் பார்க்கலாமா என்று மனைவி ஒருமுறை கேட்டபோது கத்திவிட்டேன். இந்த ஜூனில் மகளின் பள்ளிப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டேன். மனைவிதான் ஏதோ எழுதிக் கொடுத்தாள். எல்லோரும் தோல்வியிலிருந்து கற்றுக்கொள்கிறார்களே, என்னால் மட்டும் ஏன் முடியவில்லை? என்னிடம்தான் ஏதாவது குறையா?”

அன்புள்ள தம்பிக்கு,

உங்களைவிட நான் இருபது வயது மூத்தவள். அந்த உரிமையில் தம்பி என்று அழைக்கிறேன்.

மற்றதைப் பேசுவதற்கு முன் அந்த இரண்டு மணி விழிப்பைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அந்த நேரத்தில் ‘நான் இல்லாமல் போனால் இவர்களுக்கு நிம்மதி’ என்ற எண்ணம் எப்போதாவது வருகிறதா? வருகிறது என்றால் இந்தப் பதிலை அப்படியே வைத்துவிட்டு 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் அது. எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கிறது. அப்படி எண்ணம் இல்லை என்றாலும், மூன்று வருடமாகத் தூக்கம் கெட்டிருப்பது சாதாரண விஷயம் இல்லை. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. ஒரு நாள் அரை ஷிப்ட் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். தூக்கம் சரியாகாத ஒருவரிடம் ‘கற்றுக்கொள், வளர்’ என்று சொல்வது, காய்ச்சல்காரரை ஓடச் சொல்வது போலத்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களிடம் குறை எதுவும் இல்லை. அடிபட்டால் தானாகப் பாடம் வந்துவிடும் என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். 27 வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன், அப்படித் தானாக வந்து நான் பார்த்ததில்லை. அடிபட்ட உடனே மனிதர்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்தீர்கள். சாக்கைக் கட்டிப் பரணில் போட்டீர்கள்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன் எஸ்க்ரீஸ்-விங்க்லர், அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரண்டு பேர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே விடைகள். ஒரு பகுதியினரிடம் ‘நீங்கள் சொன்னது சரி’ என்று மட்டும் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரிடம் ‘நீங்கள் சொன்னது தவறு’ என்று மட்டும் சொன்னார்கள். இருப்பதே இரண்டு விடை என்பதால், தவறு என்று கேட்டாலே சரியான விடை எது என்று தெரிந்துவிடும். இரண்டு தரப்புக்கும் கிடைத்த தகவல் ஒன்றுதான். ஆனால் பிறகு சோதித்தபோது, தவறு என்று கேட்டவர்கள் குறைவாகவே கற்றிருந்தார்கள். மூளை குறைவு என்பதால் இல்லை. ‘நீ தோற்றாய்’ என்று காதில் விழுந்ததுமே மனம் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. வேறொருவர் தவறுவதைப் பார்க்க வைத்தபோது, அதிலிருந்து எல்லோரும் நன்றாகவே கற்றார்கள். தகவலில் ஒரு கோளாறும் இல்லை, அது தன்னுடைய தோல்வியாக இருப்பதுதான் கண்ணை மறைக்கிறது.

ஒரு விடை தவறியதற்கே இப்படி என்றால், 14 மிஷினும் 11 பவுனும் போன மனிதன் மூன்று வருடம் சாக்கைத் திறக்காமல் இருந்ததில் என்ன ஆச்சரியம்?

என் அப்பாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. கோவையில் கிரைண்டர் பட்டறை வைத்திருந்தார். நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம் அது மூடப்பட்டது. கூட்டாளி ஒருவர் பணத்தை எடுத்துக்கொண்டு விலகிவிட்டார். அதற்குப் பிறகு அப்பா 22 வருடம் உயிரோடு இருந்தார். அந்த 22 வருடமும் பட்டறையைப் பற்றி அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “அவன் கழுத்தை அறுத்துட்டான்.” சாப்பிட உட்காரும்போது சொல்வார், கல்யாண வீட்டில் சொல்வார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி மாதத்திலும் சொன்னார். அவர் போன பிறகு அலமாரியின் அடியில் பட்டறை நோட்டு கிடைத்தது. என் தம்பி ஒரு மணி நேரம் உட்கார்ந்து புரட்டினான். கூட்டாளி எடுத்த பணம் அதில் இருந்தது, அது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. மோட்டார் விலையும் கல் விலையும் ஏறிக்கொண்டே போன மூன்று வருடமும் அப்பா கிரைண்டர் விலையை ஏற்றவே இல்லை. தெரிந்த கடைக்காரர்களிடம் கூடுதலாகக் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார். ஒவ்வொரு கிரைண்டரும் நஷ்டத்தில்தான் வெளியே போயிருக்கிறது.

இது தெரிந்திருந்தால் அவர் மறுபடியும் பட்டறை வைத்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மனிதனை வெறுத்துக்கொண்டே 22 வருடம் சாப்பிட உட்கார்ந்திருக்க மாட்டார். கடிதத்தில் உங்கள் சாக்கைப் பற்றிப் படித்ததும் அந்த நோட்டுதான் எனக்கு நினைவு வந்தது. கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை.

யாரையும் நம்பக் கூடாது என்று கற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். பூனை ஒன்றைக் கற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் நெருப்பு எப்போது எரியும், சட்டி எப்போது ஆறும், எந்தப் பக்கம் போனால் சுடாது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மொத்த அடுப்பங்கரையையே விட்டுவிட்டது. வலி நேரடியாகக் கற்றுக்கொடுக்கும் பாடம் எப்போதும் இந்த மாதிரித்தான், ரொம்பப் பெரியதாக, ரொம்ப முரட்டுத்தனமாக இருக்கும். ‘யாரையும்’ என்கிறீர்கள். அந்த யாரையும் என்பதில் உங்கள் மனைவியும் சேர்ந்துவிட்டார், கவனித்தீர்களா? அவர் கேட்டபோதுதானே கத்தினீர்கள்?

மூன்று வருடம் வீணாகிவிட்டதே என்ற கவலைக்கும் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன் என்ற இரண்டு உளவியலாளர்கள், பெரும் துயரத்துக்குப் பிறகு மனிதர்களிடம் ஏற்படும் நல்ல மாற்றங்களை 1990-களிலிருந்து ஆராய்ந்தவர்கள். அவர்கள் இதை நிலநடுக்கத்தோடு ஒப்பிடுகிறார்கள். வாழ்க்கையைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருந்த அடிப்படைகள் இடிந்து விழுகின்றன. ‘ஒழுங்காக உழைத்தால் ஒன்றும் ஆகாது’ என்று நீங்கள் நம்பியிருப்பீர்கள், அந்த மாதிரி. இடிந்த இடத்தில் மறுபடி கட்டும் வேலையின்போதுதான் வளர்ச்சி வருகிறது, இடிந்ததால் வருவதில்லை என்பது அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம். வலி போன பிறகுதான் வளர்ச்சி வரும் என்றும் அவர்கள் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் குடியிருக்கும். இன்னும் வலிக்கிறது என்பதை வைத்து, எதுவும் நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அவர்கள் பிரித்துக் காட்டும் இன்னொரு விஷயம் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஒரே சம்பவத்தை மனம் இரண்டு விதமாக அசைபோடும். ஒன்று, நாம் கூப்பிடாமலே வந்து அரிப்பது. உங்கள் இரண்டு மணி விழிப்பு அதுதான். அதே காட்சி, அதே ஆத்திரம், எத்தனை இரவு ஓடினாலும் ஒரு அடிகூட நகராது. இன்னொன்று, நாமாக நேரம் ஒதுக்கி உட்கார்ந்து, என்ன நடந்தது, இதற்கு என்ன அர்த்தம் என்று யோசிப்பது. வளர்ச்சி இந்த இரண்டாவதோடுதான் சேர்ந்து வருகிறது. தொடக்கத்தில் எல்லோருக்கும் முதல் வகைதான் வரும், அது இயல்பு. ஆனால் மூன்று வருடம் கழித்தும் அதே இரவுப் படம் ஓடுகிறது என்றால், பகலில் யாரும் அதை உட்கார்ந்து பார்க்கவில்லை என்று பொருள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் அடிபட்டேன், வளர்ந்தேன் என்று மேடையில் பேசுகிறவர்களை வைத்து உங்களை அளக்காதீர்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பாட்ரிசியா ஃப்ரேசியர் குழுவினர் 2009-இல் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். துயரச் சம்பவத்துக்கு முன்பே அளந்து வைத்திருந்ததையும் பின்பு அளந்ததையும் ஒப்பிட்டார்கள். நான் இவ்வளவு வளர்ந்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னதற்கும் அவரிடம் உண்மையில் ஏற்பட்டிருந்த மாற்றத்துக்கும் பெரிதாகத் தொடர்பே இல்லை. வளர்ந்ததாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அப்படி நினைப்பது அவர்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கும் என்பது என் அனுபவம். வளரவே இல்லை என்று சொல்கிறவரிடம் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் நடந்திருக்கும்.

உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது. குறை சொல்கிற மாதிரி, கெட்ட பெயர் வாங்குகிறேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். சம்பளம் தள்ளிப்போகும்போது முதலில் கைமடிப் பெண்களுக்குக் கொடுக்கச் சொல்லிச் சண்டை போடுகிறீர்கள். டெய்லருக்கு நாலு நாள் தாங்கும், கைமடிக்கு அந்தச் சனிக்கிழமையே அரிசி வாங்க வேண்டும் என்பது எங்கே தெரிந்தது உங்களுக்கு? 17 வயதில் நீங்களே கைமடியாக இருந்தபோது தெரிந்ததா, அல்லது முதலாளியாக இருந்து சம்பளம் கொடுக்க முடியாமல் நின்ற அந்தச் சனிக்கிழமைகளிலா? எனக்குத் தெரியாது, நீங்கள்தான் யோசிக்க வேண்டும். 11 பவுனுக்கு இது ஈடு என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஈடு கிடையாது. இதுவும் நல்லதுக்குத்தான் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நடந்தது நல்லது இல்லை, அது நடக்காமல் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்தச் சண்டையை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை, உங்களுக்குள்ளிருந்து வந்தது.

இனி சாக்கைப் பற்றி.

அதை இறக்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு நோட்டில், தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதுங்கள். யூனிட் மூடியதைப் பற்றி, நடந்ததையும் அப்போது மனதில் இருந்ததையும் சேர்த்து எழுத வேண்டும். எழுத்துப் பிழை, அழகு எதையும் பார்க்க வேண்டாம். யாரிடமும் காட்ட வேண்டாம், பிறகு கிழித்துப் போட்டாலும் சரி. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்பவர் 1980-களில் டெக்சாஸில் மாணவர்களை இப்படி நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுத வைத்தார். எழுதிய அன்று அவர்களுக்கு மனம் இன்னும் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. அதனால் முதல் இரண்டு நாள் அழுகையோ எரிச்சலோ வந்தால் பயப்படாதீர்கள். தாங்க முடியாத அளவுக்குப் போனால் மட்டும் நிறுத்திவிடுங்கள், அப்புறம் யாராவது ஒரு ஆலோசகர் கூட இருக்கும்போது தொடரலாம். தூங்கப் போகும் நேரத்தில் எழுத வேண்டாம். வேலை முடிந்து வந்து டீ குடித்த பிறகு எழுதுங்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாக்கை இறக்குங்கள். நீங்கள் மட்டும் இல்லை, மனைவியும் கூட இருக்க வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், காரணம் இருக்கிறது. தன் தோல்வியைப் பார்க்கக் கண் மறைக்கிறது, இன்னொருவர் தோல்வியைப் பார்க்க மறைப்பதில்லை என்று சொன்னேன் இல்லையா? நீங்கள் பார்க்க முடியாத பக்கத்தை அவர் பார்ப்பார். அப்பா நோட்டில் என் தம்பி பார்த்த மாதிரி. இன்னொரு காரணம், அந்தச் சாக்கில் அவருடைய 11 பவுனும் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும் உரிமை உங்களுக்கு முன்னால் அவருக்குத்தான்.

ஆனால் அவரை உட்காரச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “அன்னைக்கு நீ கேட்டப்போ நான் கத்தினது தப்பு. எனக்குப் பயமா இருந்துச்சு.” இவ்வளவு போதும். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கொங்கு நாட்டு ஆண்கள் முதல் வாக்கியத்தைக்கூடச் சொல்லிவிடுவார்கள், இரண்டாவது மட்டும் தொண்டையில் நின்றுவிடும். இத்தனை வருடத்தில் அந்த இரண்டாவது வாக்கியம் திறந்துவிட்ட கதவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முழுச் சாக்கையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். ஒரு மாதத்தை எடுங்கள். மோசமான மாதத்தையும் எடுக்க வேண்டாம், கடைசியாக நன்றாக ஓடிய மாதத்தை எடுங்கள். எத்தனை பீஸ் போனது, என்ன ரேட்டு, எவ்வளவு சம்பளம், கரண்ட் பில், வாடகை, நூல், ஊசி, மிஷின் ரிப்பேர், கையில் என்ன நின்றது. அதிலிருந்து மாதம் மாதமாக முன்னால் வாருங்கள். எந்த மாதத்தில் திரும்பியது என்று பாருங்கள். அங்கே நின்று இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். இதில் என் கையில் இல்லாதது எது? என் கையில் இருந்தது எது?

உங்கள் கையில் இல்லாதது நிறையவே இருக்கும், அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் அதுவும் பொய்க் கணக்குத்தான். 2022 மே மாதம் நூல் விலையைக் கண்டித்துத் திருப்பூரே உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முந்தைய மாதம்தான் மத்திய அரசு பஞ்சு இறக்குமதி வரியை நீக்கியிருந்தது, அப்போதும் விலை உடனே இறங்கவில்லை. நூல், நிட்டிங், டையிங், கட்டிங் என்று வரும் சங்கிலியில் தையல் யூனிட் கடைசிப் பக்கம். மேலே யார் பணத்தை நிறுத்தினாலும் அந்தத் தாமதம் இறங்கி இறங்கி உங்களிடம் வந்து சேரும். மேலே இருப்பவர் மூன்று மாதம் கழித்துக் கொடுப்பார், நீங்களோ ஏழாம் நாள் சம்பளம் போட வேண்டும். அந்த இடைவெளியைத்தான் வார வட்டிக்காரர் வந்து நிரப்பினார். உங்களைப் போலவே அந்த வருடம் மூடிய இன்னும் சில பவர் டேபிள்காரர்களை உங்களுக்கே தெரிந்திருக்கும். அவர்கள் எல்லோரும் முட்டாள்களா?

உங்கள் கையில் இருந்தது எது என்று நான் ஊகிக்க மாட்டேன். ஒரே கம்பெனியை நம்பியதா, பாக்கி நிற்கும்போதே அடுத்த லாட்டைத் தைக்க ஒப்புக்கொண்டதா, ரேட்டை எழுத்தில் வாங்காததா, வேறு ஏதாவதா, சாக்குக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். கிடைக்கும் பதில் சின்னதாகவும் குறிப்பாகவும் இருக்க வேண்டும். ‘நான் ஏமாளி’ என்பது பதில் இல்லை, அது உங்களை நீங்களே திட்டிக்கொள்வது. ‘இரண்டு மாதக் கூலி நிற்கும்போது மூன்றாவது லாட்டை எடுத்திருக்கக் கூடாது’ என்பது பதில். முதலாவதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதை நாளைக்கே, இப்போது வேலை பார்க்கும் யூனிட்டிலேயே பயன்படுத்தலாம்.

சலான்களைப் பிரிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். அந்தப் பெரிய கம்பெனி முழுப் பாக்கியையும் கொடுத்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. 2006-ஆம் வருடச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், தவறினால் வட்டியும் சேரும். உங்கள் யூனிட் அப்போது பதிவாகியிருந்ததா, காலம் கடந்துவிட்டதா என்பதை ஒரு வக்கீல்தான் பார்த்துச் சொல்ல முடியும். மாவட்டத் தொழில் மையத்திலும் விசாரிக்கலாம். பணம் வருமோ வராதோ. ஆனால் கேட்டுப் பார்க்காமலே விட்டது பின்னால் உறுத்தும்.

மச்சான் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் முழுதாகச் சேர்ந்த பிறகுதான் அவர் முகத்தில் விழிப்பேன் என்று காத்திருக்கிறீர்கள் என்றால், அந்த நாள் வருவதற்குள் உறவு காய்ந்துவிடும். கையில் இருப்பது 2 ஆயிரம் என்றாலும் அதை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். மாதம் இவ்வளவுதான் முடியும், இத்தனை வருடம் ஆகும் என்று சொல்லுங்கள். அவர் கோபப்படலாம். படட்டும், உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பணம் கொடுத்தவரைப் பணத்தைவிட மௌனம்தான் அதிகம் புண்படுத்தியிருக்கும்.

மறுபடியும் சொந்தமாக ஆரம்பிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி மறைந்து நிற்கிறது. நான் ஆமாம் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். மறுபடி ஆரம்பித்து ஜெயித்தால்தான் தோல்வியிலிருந்து மீண்டதாக அர்த்தம் என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அது சரியில்லை. சூப்பர்வைசராகவே இருந்து, ராத்திரி தூங்கி, மகளோடு சிரித்து, கடனை அடைத்து முடிப்பதும் முழு வாழ்க்கைதான். ஒருவேளை இரண்டு வருடம் கழித்து 6 மிஷினோடு தொடங்கத் தோன்றினால், அப்போது உங்களை ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் வாயை அடைக்கத் தொடங்குகிறேனா, இந்தத் தொழில் பிடித்துத் தொடங்குகிறேனா? முதலாவது என்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள்.

அந்தப் பள்ளிப் படிவம். மனைவி அந்தக் கட்டத்தில் என்ன எழுதினார் என்று நீங்கள் பார்க்கவே இல்லை போலிருக்கிறது, ‘ஏதோ’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். கேளுங்கள். உங்களைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதை இந்த மூன்று வருடத்தில் அவர் எழுத்தில் வைத்தது அந்த ஒரு இடத்தில்தான். சாக்கை இறக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எந்த மாதத்து நோட்டை முதலில் பிரித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். பதில் எழுதக் காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் மனநல ஆலோசகர், கோவை